மெக்டொனால்ட்ஸ் கிளையெல்லாம் கோஷர் அல்ல

“இஸ்ரேலில் மெக்டொனால்ட்ஸ் முதல் நாளிலிருந்தே முழுக்கக் கோஷர், அதனால்தான் வளர்ந்தது” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை நண்பரே. (கோஷர் என்றால் யூத மத உணவு விதிகளுக்கு உட்பட்டது.) அது அங்கே நுழைந்தது 1993-இல். முதல் கோஷர் கிளை ஜெருசலேம் அருகே மெவசெரெத் சீயோனில் 1995-இல்தான் வந்தது. இன்றும் இரண்டு வகையும் உண்டு. கோஷர் கிளையைப் பெயர்ப்பலகையின் நீல நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பன்றி இறைச்சி இல்லையென்றால் கோஷர் ஆகிவிடாது. மாட்டிறைச்சியோடு பாலாடைக்கட்டி சேரவே கூடாது, ஆகவே சீஸ் பர்கருக்கு அங்கே இடமில்லை. அப்புறம் யூத ஓய்வுநாளுக்காக வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை கடையடைப்பு. வார இறுதி வியாபாரத்தையே விடுவது, பர்கர் கடைக்குச் சின்ன விஷயமா என்ன? ‘பர்கர் ராஞ்ச்’ என்ற உள்ளூர் நிறுவனம் 1972-லிருந்தே இருக்கிறது; பர்கரை இஸ்ரேலில் அறிமுகப்படுத்தியதும் மெக்டொனால்ட்ஸ் அல்ல.