ஒரு டிராப்டவுனுக்கு இத்தனை பஞ்சாயத்தா!

"ஃப்ரேம்வொர்க் எல்லாம் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். பிரவுசர்ல இருக்கிறதுதாம்ப்பா நிலைக்கும்."

சொன்னவர் எங்கள் டீம் லீட். ஃப்ரேம்வொர்க் என்றால் ரியாக்ட், ஆங்குலர் மாதிரி வெப் பக்கம் எழுத உதவும் ஆயத்தத் தொகுப்புகள். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டார். வேலைக்கான டிக்கெட் என் தலையில்.

கொச்சியில் கிளையன்ட், கோயமுத்தூரில் ஆபீஸ், கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நான். தென்னை விவசாயிகள் பதிவுப் படிவம். அதில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, பெருமாட்டி என்று நாலு பஞ்சாயத்தை டிராப்டவுனில், அதாவது தொட்டால் விரியும் பட்டியலில், காட்ட வேண்டும். அவ்வளவுதான்! அதற்கென்றே பிரவுசரில் இருக்கிற வெறும் செலக்ட் டேக் போதாதா? போதாதாம். எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவாக ஒரு வெப் காம்பொனென்ட், அதாவது கஸ்டம் எலிமென்ட் என்று சொந்தமாகப் பெயர் வைத்த டேக், எழுதி வைத்திருக்கிறார்கள். விதிப்படி பெயருக்கு நடுவில் ஹைஃபன் மட்டும் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

பட்டியலைக் கொடுத்தேன். நாலு பஞ்சாயத்துக்கும் ஒரே பெயர் வந்தது: ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட். கொச்சி டெஸ்டர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "இந்த ஆப்ஜெக்ட் பஞ்சாயத்தும் சித்தூர் தாலுகாதானே?" என்று கேட்கிறார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறார்.

விஷயம் இதுதான். எங்கள் படிவம் ஓடுகிற ரியாக்ட் 18, கஸ்டம் எலிமென்டுக்கு எதைக் கொடுத்தாலும் ஆட்ரிப்யூட்டாக்கி, வெறும் எழுத்தாகத்தான் உள்ளே தள்ளும். குரோமில் இந்தக் கஸ்டம் எலிமென்ட் இன்றைய வடிவில் வந்தது 2016-ல். ரியாக்ட் அதை ஒழுங்காக மதித்தது 19-ம் பதிப்பில், 2024 டிசம்பரில். சாமி வரம் கொடுத்தும் பூசாரி எட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் இன்னும் 18-ல்தான். ஏதோ ஒரு பழைய சார்ட் லைப்ரரி 19-ல் ஓடாதாம்.

லீடுக்கு போன் போட்டேன். "பிராபர்ட்டியா கொடு தம்பி, வந்துரும்." சரி, ரெஃப் (அந்த எலிமென்டை நேராகப் பிடிக்கும் கைப்பிடி) வைத்து, பட்டியலை எழுத்தாக்காமல் அப்படியே கையால் கொடுத்தேன். பெயர்கள் வந்தன. எருத்தேன்பதியைத் தேர்ந்தெடுத்தால் படிவம் அசையவே இல்லை. காம்பொனென்ட் எழுதியவர்கள் தாங்களாகப் பெயர் வைத்த ஈவென்ட் (தேர்ந்தெடுத்ததைச் சொல்லும் சைகை) ரியாக்ட் 18-ன் காதில் விழாது. "லிசனரையும் நீயே போட்டுக்க தம்பி." போட்டேன். சப்மிட் அடித்தால் பஞ்சாயத்தே இல்லாமல் போகிறது! ஏனென்றால் உண்மையான செலக்ட், காம்பொனென்டின் ஷேடோ டாம் என்கிற தனி அறைக்குள் இருக்கிறது, வெளியே இருக்கிற ஃபார்முக்கு அது கண்ணிலேயே படாது. "எலிமென்ட் இன்டர்னல்ஸ்னு ஒண்ணு இருக்கு, பாரு." பார்த்தேன். காம்பொனென்டில் இருப்பதை ஃபார்மிடம் சேர்க்கிற வழி அது. ஆனால் சஃபாரியில் வந்ததே 16.4-ல், 2023 மார்ச்சில். கிளையன்ட் பக்கத்துப் பெரியவர் வைத்திருப்பதோ ஐஓஎஸ் 15-லேயே நின்றுபோன ஐபோன்; அந்தச் சஃபாரி அதில் ஏறாது. முதலில் திறந்து பார்ப்பவரும் அவரேதான்.

எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு முடித்தேன். இன்று சாயங்காலம் பக்கம் மொத்தமும் வெள்ளை. இன்னொரு டீம் இதே காம்பொனென்டின் பழைய பதிப்பையும் உள்ளே இறக்கியிருக்கிறது. ஒரு பெயரை ஒரு பக்கத்தில் ஒரு தடவைதான் டிஃபைன் (பதிவு) பண்ணலாம். இரண்டாவது தடவை பண்ணினால் எரர் அடித்து நின்றுவிடும். அந்த டீமிடம் கேட்டால், "எங்க பக்கம் நல்லா ஓடுதே!"

லீடைக் கேட்டால் ஆங்குலர் கதையை ஆரம்பித்துவிடுவார். 2016-ல் ஆங்குலர் 2 வந்து பழைய ஆங்குலர்ஜேஎஸில் எழுதியதை எல்லாம் திரும்ப எழுத வைத்தது, 2021 கடைசியோடு ஆங்குலர்ஜேஎஸுக்குச் சப்போர்ட்டே நின்றது, அதனால் ஃப்ரேம்வொர்க்கை நம்பாதே. நியாயம்தான் சார். அப்படியானால் மொத்தத்தையும் நேட்டிவ்விலேயே, பிரவுசரில் இருப்பதை மட்டும் வைத்து, எழுதியிருக்கலாமே? ரியாக்டுக்குள் கொண்டுவந்து ஏன் சொருகினீர்கள்? நேட்டிவ், ஃப்ரேம்வொர்க் என்று இரண்டு கட்சியும் மேடையில் நன்றாகத்தான் பேசுகின்றன. நடுவில் ஒட்டுப்போடுகிற கோடு மட்டும் இரண்டு கட்சியின் டாக்குமென்டேஷனிலும் கிடையாது.

கடைசியில் சாதா செலக்ட் டேக் போட்டேன். முதல் தடவையிலேயே ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் ரிவ்யூவில் லீடின் கமென்ட்: "இது ஸ்டாண்டர்டு இல்லையே தம்பி?" செலக்ட் டேக் ஸ்டாண்டர்டு இல்லையாம்!

இன்னொன்று. ஓணத்துக்குக் கொச்சி மொத்தமும் லீவு, என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் லீவு, எனக்கு மட்டும் கிடையாது. கேட்டால் எச்.ஆர், "உங்களுக்குத் தமிழ்நாட்டு லிஸ்ட்" என்கிறார். சரி, பொங்கலன்று நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் காலையிலேயே கொச்சியிலிருந்து போன்: "இன்னைக்கு எங்களுக்கு ஒர்க்கிங் டே, கொஞ்சம் லாகின் பண்ண முடியுமா?"