மாத்திரையைக் கேட்கும் முன் ஜீன் டெஸ்டைக் கேளுங்கள்

கணையப் புற்றுநோய் என்று ஒரு வீட்டில் தெரிந்ததும் வாட்ஸப்பில் வந்து விழும் முதல் செய்தி, "டார்கெட்டட் தெரபி இருக்காம், கீமோவே வேண்டாமாம்" என்பதுதான். அனுப்புகிறவர் அக்கறையில்தான் அனுப்புகிறார். ஆனால் எந்த ஜீன் கோளாறுக்கு எந்த மருந்து என்ற பேச்சே அதில் இருக்காது.

பழைய கதை ஒன்று. 2005இல் எர்லோடினிப் என்ற டார்கெட்டட் மாத்திரையை ஜெம்சிடபின் கீமோவோடு சேர்த்துக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 569 பேரிடம் நடந்த ஆய்வு. கீமோ மட்டும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 5.91 மாதம், மாத்திரையும் சேர்ந்தால் 6.24. ஏறத்தாழ பத்து நாள்! அதற்கு விலையாக உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்றுப்போக்கு. புள்ளியியல் கணக்கில் அது தேறியது. நோயாளியின் கணக்கில் தேறியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏன் பலிக்கவில்லை? எர்லோடினிப் அடைப்பது செல்லின் மேற்பரப்பில் இருந்து 'வளர்' என்ற சமிக்ஞையை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதத்தை. கணையக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பதில் பழுதாகியிருப்பதோ அந்தச் சமிக்ஞையை உள்ளே கடத்தும் கேராஸ் என்ற புரதம். வாசலில் ஆளே இல்லாமல் காலிங்பெல் ஓயாமல் அடித்தால் ஒயர் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம்; பொத்தானை மூடி என்ன செய்ய?

கேராஸை மருந்தால் தொடவே முடியாது என்றுதான் முப்பது வருடம் சொன்னார்கள். மருந்து போய் ஒட்டிக்கொள்ள அந்தப் புரதத்தில் பள்ளமே தென்படவில்லை. 2013இல் கலிஃபோர்னியாவில் கெவன் ஷோகட் குழு கேராஸ் பழுதுகளில் ஜி12சி என்ற வகையில் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தது. 2021இல் அந்த வகையைத் தடுக்கும் சோடோராசிப் மருந்து வந்தது, அதுவும் நுரையீரல் புற்றுக்கு. கணையத்தில் ஜி12சி நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அந்த வகை உள்ள 38 கணைய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. கணையத்தில் அதிகம் காணப்படுவது ஜி12டி. அதையும் சேர்த்துப் பல வகைகளைப் பிடிக்கும் டராக்சன்ராசிப், செல்லுக்குள் இருக்கும் சைக்ளோஃபிலின் என்ற இன்னொரு புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, கேராஸ் சேர்ந்த ராஸ் புரதக் குடும்பத்தையே மடக்குகிறது. மூன்றாம் கட்ட ஆய்வு வரை வந்த மருந்து. நான் நிஜமாகவே நம்பிக்கை வைத்திருப்பது இதன்மேல்தான். நல்ல ராஸையும் சேர்த்தே தடுப்பதால் தோல் தடிப்பும் வாய்ப்புண்ணும் இதிலும் உண்டு.

இதையெல்லாம்விட இன்றைக்கே கையில் இருப்பது, டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ ஜீனில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். அந்தப் பழுது பரம்பரையாக இருப்பவர்களுக்கு ஓலாபரிப் மாத்திரை கொடுத்த போலோ என்ற ஆய்வில், நோய் முற்றாமல் நின்ற காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 ஆனது. மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் இல்லை. "அப்புறம் எதுக்கு சார் டெஸ்ட், அந்த மாத்திரை வாங்க வசதியும் இல்லையே" என்பார்கள். நான் மல்லுக்கட்டுவது இந்த இடத்தில்தான். பிஆர்சிஏ பழுது உள்ள கட்டிகள் சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் மாதிரியான பிளாட்டினம் கீமோவுக்கு நன்றாக மசியும். அவை பழைய மருந்துகள், விலையும் குறைவு. எந்தக் கீமோவில் தொடங்குவது என்பதையே இந்த ரிப்போர்ட் மாற்றலாம். போதாததற்கு, அப்பாவுக்கு இருக்கும் பழுது மகளுக்கும் வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு அது மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று பற்றிய முன்னெச்சரிக்கை.

பரம்பரைப் பழுதைப் பார்க்க ரத்தமோ எச்சிலோ போதும். கேராஸ் வகையைப் பார்க்கப் பெரும்பாலும் கட்டியின் திசு வேண்டும். கணையத்தில் ஊசி போட்டு எடுக்கும் திசு பல நேரம் துளியூண்டுதான் தேறும். அதனால் பயாப்ஸிக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: "ஜீன் டெஸ்டுக்கும் சேர்த்து எடுப்பீங்களா?"