பிராய்லர் கோழியையும் அம்மாவையும் திட்டி முடித்துவிட்டீர்களா?

ஒன்பது வயதில் ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால், இல்லை ஆறாம் வகுப்புப் பையன் தொப்பையோடு நின்றால், நம்மூரில் தீர்ப்பு சொல்ல அரை நிமிடம் போதும். "பிராய்லர் கோழி நிறையக் கொடுத்தியா?" என்பது முதல் கேள்வி. "மாசமா இருக்கும்போது என்னத்தத் தின்ன?" என்பது இரண்டாவது. கேட்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள், சில சமயம் டாக்டர். பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் எப்போதும் அம்மாதான். (கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது வாட்ஸப்பில் சுற்றும் கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

அம்மா தின்றது என்ன என்று கேட்கிற நாம், அம்மாவைச் சுற்றி என்ன ரசாயனத்தைத் தெளித்தார்கள், எதில் கலந்தார்கள், யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்பதே இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கலிஃபோர்னியாவில் ஓக்லாண்ட் பகுதியில், 1959 முதல் 1967 வரை கைசர் மருத்துவத் திட்டத்தில் இருந்த கர்ப்பிணிகளை ஒரு பெரிய ஆய்வில் சேர்த்தார்கள். ஏறக்குறைய 20,000 கர்ப்பங்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவம் முடிந்த கையோடும் எடுத்த ரத்தத்தை உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி அமெரிக்காவில் உச்சத்தில் இருந்த காலம் அது, 1972இல்தான் அங்கே தடை வந்தது. பல பத்தாண்டுகள் கழித்து பார்பரா கோன் என்ற ஆய்வாளரின் குழு அந்த ரத்தத்தில் டி.டி.டி. எவ்வளவு இருந்தது என்று அளந்து, பிறந்த பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் போனது. 2015இல் மகள்களைப் பற்றி வெளியிட்டார்கள்: அம்மாவின் ரத்தத்தில் டி.டி.டி. மிக அதிகமாக இருந்த மகள்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கிட்டத்தட்ட 4 மடங்கு. சரி, புற்றுநோய் என்றால் நமக்கு அதிர்ச்சி வரும். 2021இல் வந்தது அதைவிட விசித்திரமானது. இந்த முறை பேத்திகளைப் பார்த்தார்கள். பாட்டி குண்டாகவே இல்லை, ஆனால் அவர் ரத்தத்தில் ஓ,பி-டி.டி.டி. என்ற வகை அதிகமாக இருந்தது என்றால், இருபதுகளில் இருக்கும் பேத்திக்கு உடற்பருமன் வாய்ப்பு 2 முதல் 3 மடங்கு, சீக்கிரமே வயதுக்கு வந்திருக்கும் வாய்ப்பு 2 மடங்கு. இந்தப் பேத்திகளில் பெரும்பாலோர் தடை வந்த பிறகு பிறந்தவர்கள். இவர்கள் மேல் யாரும் டி.டி.டி. தெளிக்கவில்லை.

எப்படி என்று கேட்டால், கணக்கு எளிமையானதுதான். ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுக்க வேண்டிய கருமுட்டைகள் அவள் தன் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும். அப்படியென்றால் 1960இல் ஓக்லாண்டில் ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது, வயிற்றில் மகள், மகளுக்குள் பேத்தியின் பாதி. மூன்று தலைமுறையும் ஒரே ரத்தத்தில் நனைந்திருக்கிறது.

இது புள்ளிவிவரத் தொடர்பு, எந்த ஒரு பேத்தியையும் காட்டி இவளுக்கு டி.டி.டி.யால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள். ஆனால் எலியிலும் பார்த்திருக்கிறார்கள். மிஷெல் லா மெரில் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்திலும் பிறந்த புதிதிலும் டி.டி.டி. பட்ட பெண் குட்டிகளின் உடம்புச் சூடு குறைந்திருந்தது, குளிரைத் தாங்க முடியவில்லை, உடம்பு எரிக்கும் சக்தியே குறைந்துபோயிருந்தது. வளர்ந்த பிறகு கொழுப்புத் தீனி கொடுத்ததும் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தின்றதைவிட, தின்றதை எரிக்கும் அடுப்பே சின்னதாகிவிட்ட கதை. இரண்டு பிள்ளைகள் ஒரே தட்டில் ஒரே அளவு சாப்பிட்டும் ஒன்று மட்டும் ஊதுகிறது என்றால் "வாயைக் கட்டு" என்று அதை அதட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டி.டி.டி. ஒன்று மட்டும் கிடையாது. கப்பல் அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டாமல் இருக்கப் பெயின்டில் ட்ரைபியூட்டைல்டின் என்ற ஒன்றைக் கலந்தார்கள். புரூஸ் பிளம்பெர்க் குழு 2006இல் கர்ப்பிணி எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது குட்டிகளுக்குக் கொழுப்பு ஏறியது. கருவில் எந்தச் செல் எலும்பாகலாம், எது கொழுப்பாகலாம் என்று இன்னும் முடிவாகாத கட்டத்தில், இந்த ரசாயனம் கொழுப்புப் பக்கம் தள்ளிவிடுகிறது. இந்த மாதிரிப் பொருட்களுக்கு 'ஒபிசோஜென்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

நம்மூருக்கு வருவோம். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதற்கப்புறம் கிராமம் கிராமமாக டி.டி.டி. அடித்தார்கள். என் பாட்டி சொல்வார்: மலேரியாக்காரர்கள் வருகிறார்கள் என்றால் பானை சட்டி, உறியில் தொங்குவது எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைத்துவிட வேண்டும், அடித்து முடித்ததும் சுவரெல்லாம் திட்டுத் திட்டாக வெள்ளை படிந்திருக்கும், தேதியைக் கதவோரம் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் பிள்ளைக்குப் பால் கொடுத்தாராம். மலேரியா லட்சக்கணக்கில் உயிரை வாங்கிக்கொண்டிருந்த காலம், அடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அது உயிர் காத்த மருந்து. ஆனால் எறும்புக்கும் மூட்டைப்பூச்சிக்கும் அதே பவுடரை வீட்டில் தூவியதும், 1989இல் விவசாயத்துக்குத் தடை வரும் வரை வயலில் கொட்டியதும் வேறு கணக்கு. இன்றைக்கு நாற்பது வயதில் சர்க்கரை மாத்திரை போடுகிற தலைமுறை, அந்தச் சுவர்களுக்குள் சுமக்கப்பட்ட தலைமுறை. மாத்திரைக்குக் காரணம் டி.டி.டி.தான் என்று நான் சொல்லவில்லை, வெள்ளைச் சோறும் உட்கார்ந்த வேலையும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. ஆனால் அப்போது யார் ரத்தத்தையும் எடுத்து வைக்காததால் கேள்வியையே இனி கேட்க முடியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அப்புறம் பிளாஸ்டிக்கில் கலக்கிற இந்த பிஸ்ஃபினால் ஏ (பிபிஏ) கூத்து. 2015இல் இந்தியாவில் குழந்தைப் பால் பாட்டிலில் அதைத் தடை செய்தார்கள், நல்ல விஷயம். கடையில் போய்ப் பாருங்கள், எல்லா பாட்டிலிலும் 'பிபிஏ ஃப்ரீ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பிறந்த பிள்ளைக்கு இவ்வளவு அக்கறை. பிறக்காத பிள்ளை எந்த பாட்டிலில் குடிக்கிறது? அம்மாவின் ரத்தத்தில். அம்மா குடிக்கிற கேன் தண்ணீருக்கும், டின் உணவின் உள்பூச்சுக்கும் அந்தத் தடை பொருந்தாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பிபிஏவுக்குப் பாதுகாப்பான அளவு என்று முன்பு சொன்னதை 20,000 மடங்கு குறைத்தது. நீங்கள் தவறாகப் படிக்கவில்லை, இருபது மடங்கு இல்லை, இருபதாயிரம். முந்தைய அளவை நம்பிப் பிள்ளை பெற்றவர்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? அடுத்த ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவு படும் பொருட்களில் அதற்குத் தடை கொண்டுவந்தது. அங்கேயும் அதற்குள் பிபிஎஸ் (பிஸ்ஃபினால் எஸ்) என்று ஒரு தம்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், அவன் அண்ணனைவிட நல்லவன் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஒரு ரசாயனம் சந்தைக்கு வரும், நாற்பது ஐம்பது வருடம் ஓடும், பேத்தி குண்டான பிறகு ஆய்வு வரும், தடை வரும், பெயர் மாறி அதன் பங்காளி வரும். இந்த ஓட்டத்தில் ஒரு கர்ப்பிணியின் சொந்த முடிவு எங்கே இருக்கிறது? லேபிளைப் படித்துப் பார்த்து வாங்கச் சொல்லலாம். மூச்சுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் லேபிள் கிடையாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினுக்கும் சர்க்கரைக்கும் எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள். சம்மதிக்கிற பெண்களிடம் ஒரு சொட்டு கூடுதலாக வாங்கி உறையவைக்க நம் அரசால் முடியாதா? வேலூரில் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் அளந்து குறித்து வைத்தார்கள், பிற்பாடு அவர்களுக்கு வந்த சர்க்கரையைப் பிறந்தபோதிருந்த அளவோடு ஒப்பிட அந்தக் குறிப்புதான் உதவியது. நமக்குச் செய்யத் தெரியாத வேலை இல்லை இது.

கமென்டில் "அப்போ நாங்க என்னதான் செய்யறது" என்று கேட்பீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், கரப்பான், கொசு மருந்து அடிப்பதை வேறு யாராவது செய்யுங்கள், மருந்து வாடை காற்றில் போன பிறகு அவர் அந்த அறைக்குள் வரட்டும். சூடான சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்காதீர்கள். இதையும் தயவுசெய்து அவர் தலையில் கட்டாதீர்கள். ராத்திரி பார்சல் வாங்கப் போவது முக்கால்வாசி வீட்டில் கணவர்தான், ஒரு ஸ்டீல் தூக்கை வண்டியில் மாட்டிக்கொண்டு போனால் கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.