சனல்காரர்களே, போட்டி வேண்டாம், நிரந்தர நாற்காலி கொடுங்கள்

புதிய நகைச்சுவைக் கலைஞர்களைத் தேடுகிறோம் என்று இங்கே இலங்கையில் ஒரு தமிழ் சனல் கிளம்பினால் அது போட்டியாகத்தான் வந்து நிற்கும். நடுவர்கள் மூன்று பேர், வாரம் ஒருவர் வெளியேற்றம், கடைசியில் பெரிய மண்டபம், காசோலை, கேடயம். வென்றவருக்கு அடுத்த வாரம் அந்தச் சனலிலேயே வேலை இருக்காது. தோற்றவர்களை அதற்கு முன்பே மறந்திருப்பார்கள். பன்னிரண்டு பேரை மேடையேற்றி ஒருவரைக்கூடக் கையில் வைத்துக்கொள்ளாத ஏற்பாடு இது. இதற்குச் செலவழிக்கும் காசில் பாதி போதும், ஒரு நகைச்சுவை வினாடி வினா செய்யலாம்.

இரண்டு அணி, நடுவில் தொகுப்பாளர், கேள்வி, புள்ளி, அவ்வளவுதான். புள்ளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேள்வி என்பது கதை தொடங்க ஒரு சாட்டு. ஆனால் இந்த வடிவம் கலைஞனை வளர்ப்பது கேள்வியாலும் இல்லை, பரிசாலும் இல்லை. ஒரே ஆள் ஒரே நாற்காலியில் வாராவாரம் இருப்பதால்தான்.

பிபிசியின் செய்தி வினாடி வினாவான ஹாவ் ஐ கொட் நியூஸ் ஃபோர் யூ 1990 செப்டெம்பரில் தொடங்கியது. அணித் தலைவர்களாக ஒரு பக்கம் இயன் ஹிஸ்லொப், மறுபக்கம் போல் மெர்ட்டன். 1996இல் மெர்ட்டன் ஒரு தொடருக்கு விலகியிருந்ததை விட்டால் அன்றிலிருந்து அதே இருவர்தான். 2002இல் தொகுப்பாளர் ஆங்கஸ் டெய்ட்டனை நீக்கினார்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு விருந்தினர் வந்து தொகுக்கத் தொடங்கினார். நிகழ்ச்சி விழவில்லை. பார்க்கிறவர் அந்த இரண்டு முகத்தோடு பழகிவிட்டார். 2003இல் தொடங்கிய பிபிசியின் இன்னொரு வினாடி வினாவான கியூஐயும் அப்படித்தான். தொகுப்பாளர் ஸ்டீபன் ஃப்ரை விலகி 2016இல் சான்டி டொக்ஸ்விக் வந்தார், அலன் டேவிஸ் முதல் நாளிலிருந்து அசையவில்லை. எல்லோருடைய வாயிலும் வரக்கூடிய பிழையான பதிலைத் தானே முதலில் சொல்லி, சங்கு அலற, புள்ளி கழிய, பல வாரங்களில் மறை எண்ணில் முடிப்பது அவருடைய வேலை. எத்தனையோ தடவை கடைசியாக வந்தவர். போட்டி நிகழ்ச்சியாக இருந்தால் இரண்டாம் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இதற்கு லண்டனைப் பார்க்கத் தேவையே இல்லை. நம்முடைய வானொலியில் ‘கோமாளிகள் கும்மாளம்’ இதை எப்போதோ செய்து காட்டிவிட்டது. நாலு ஆள், நாலு தமிழ். ராமதாஸ் மரிக்காராக முஸ்லிம் தமிழ் பேசினார், ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ், செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழ், பி.எச். அப்துல் ஹமீத் ஐயராகப் பிராமணத் தமிழ். கேட்டுக் கேட்டு அந்தப் பெயர்கள் ஆட்களோடு ஒட்டிக்கொண்டன. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றுதான் சனம் இன்றைக்கும் சொல்லும். 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. எந்த நடுவரும் மதிப்பெண் போட்டு அந்த நாலு பேரையும் தெரிவு செய்யவில்லை. திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள், அதுதான் நடந்தது.

விஜய் டிவியைக் காட்டி, போட்டியிலிருந்துதானே சிவகார்த்திகேயன் வந்தார் என்று கேட்பீர்கள். ‘கலக்கப் போவது யாரு’ அவருக்கு வாசலைத் திறந்தது உண்மை. ஆனால் அவரை வீட்டுப் பிள்ளையாக்கியது ‘அது இது எது’வில் வாராவாரம் தொகுத்தது. 2012இல் ‘மெரினா’வில் கதாநாயகனாக வந்தபோது சனம் அவரை ஏற்கெனவே பழகியிருந்தது. அதே போட்டியில் கலக்கிவிட்டுக் கிடைத்த சின்ன வேடத்தில் நின்றுபோனவர்களை எண்ணிப் பாருங்கள். திறமையில் அவ்வளவு வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, கொழும்பில் செய்வதென்றால் எப்படி?

நாற்காலி ஐந்து. தொகுப்பாளர், இரண்டு அணித் தலைவர்கள், இரண்டு பேர் துணைக்கு. முதல் மூவரும் 26 வாரத்துக்கு நிரந்தரம். துணை நாற்காலிகளில் ஒன்றையும் நிரந்தரமாக்குங்கள், மற்றதுக்கு மட்டும் விருந்தினர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு முஸ்லிம் தமிழ் எல்லாம் மேசையில் இருக்க வேண்டும். ஆனால் யாரும் தன் ஊர்ப் பேச்சை வேஷமாகப் போடக்கூடாது. வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்தால் போதும்.

கேள்வித்தாளில்தான் பெரும்பாலான முயற்சிகள் படுக்கின்றன. பொது அறிவுப் புத்தகத்திலிருந்து ஐம்பது கேள்வியைப் பிரதி பண்ணிக் கொண்டுவருவார்கள். பதில் தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் முழிப்பார், முடிந்தது. ஒரு கேள்விக்கு ஒரு தாள் எடுங்கள். அதில் கேள்வி, எல்லோரும் சொல்லக்கூடிய பிழையான பதில், இரண்டு இடத்தில் சரிபார்த்த சரியான பதில், அங்கிருந்து கதை பிரியக்கூடிய மூன்று வழி, ஒருவரும் சிரிக்க வைக்காவிட்டால் தொகுப்பாளர் சொல்ல ஒரு வரி. இவ்வளவும் இல்லாத கேள்வியைத் தூக்கி எறியுங்கள்.

ஓர் உதாரணம். ‘1860இல் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளி எதைப் பறித்தார்?’ யாராவது ஒருவர் கட்டாயம் தேயிலை என்பார். சங்கு. சரியான பதில் கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதே 1867இல்தான். 1869இலிருந்து இலைநோய் பரவிக் கோப்பியைத் தின்று முடித்த பிறகுதான் தேயிலை மலையைப் பிடித்தது. இனி மூன்று வழி. யாழ்ப்பாணத்துக்காரர் தன் வீட்டுக் காலைக் கோப்பியை இழுத்து வருவார், கொழும்புக்காரர் பிளேன்டீ விலைக்குப் போவார், மலையகத்துக்காரர் தன் தாத்தாவின் தாத்தாவைப் பற்றி எதுவும் தெரியாமல் கதைக்கும் மற்ற மூவரையும் பிடித்து வாங்குவார். அந்தக் கடைசி வழி மிக முக்கியம். வழக்கமாகத் தோட்டத்து ஆள் பகிடிக்குப் பொருளாக இருப்பார், இங்கே பகிடி அவருடைய கையில் இருக்கிறது. கேள்விக்கு 15 செக்கன், பிழையான பதிலுக்கும் சங்குக்கும் 10, கதைக்கு மிச்ச நேரமெல்லாம், உண்மையைத் தொகுப்பாளர் சொல்ல 15. உண்மையை முதலிலேயே சொன்னால் கதை செத்துவிடும், சொல்லாமலே விட்டால் பார்க்கிறவருக்கு ஏமாற்றம்.

அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக 22 முதல் 24 நிமிடம்தான் கையில் கிடைக்கும். அதற்கு 90 நிமிடம் பதிவு செய்யுங்கள். கேள்வி 14 தயார் செய்து, 11 அல்லது 12 கேட்டு, 7 ஒளிபரப்பினால் நல்ல விகிதம். முப்பது நிமிடம் பதிவு செய்து முப்பதையும் போட்டால் படுத்த பகிடியெல்லாம் உள்ளே வரும். கேள்வி ஆராய ஆள் இல்லையென்றால் பிபிசியின் வுட் ஐ லை டு யூ மாதிரி ஒரு சுற்றுச் சேர்க்கலாம். அதில் அட்டையில் இருப்பதை முதல் தடவையாகப் பதிவின்போதே வாசித்து, அது தன் வாழ்க்கையில் நடந்தது என்று சாதிக்க வேண்டும். உண்மைக் கதையை முன்கூட்டியே அவரிடம் பேட்டி எடுத்து வாங்குவார்கள், பொய்யைக் குழு எழுதும்.

கமரா ஐந்து வேண்டும். முழு மேசைக்கு ஒன்று, தொகுப்பாளருக்கு ஒன்று, அணிக்கு ஒன்றாக இரண்டு, பார்வையாளருக்கு ஒன்று. ஐந்தும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். கமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் சுவிட்சரிலிருந்து வரும் ஒரே படத்தை மட்டும் சேமித்தால் எடிட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பகிடி சொல்கிறவருடைய முகத்தைவிடப் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பை அடக்கும் முகமே பார்க்கிறவரைச் சிரிக்க வைக்கும், அந்த நேரம் சுவிட்சர் வேறு கமராவில் இருக்கும். மைக்கும் அப்படியே, ஆளுக்கொன்று, ஒவ்வொன்றும் தனித்தடத்தில். பார்வையாளர் சிரிப்புக்கு இரண்டு மைக் தனியாக, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி.

பார்வையாளர் எண்பது தொடக்கம் நூறு பேர் போதும், நெருக்கமாக இருத்துங்கள். இருநூறு கதிரை போட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சிரிப்பு ஒட்டாது. கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபம் மாதிரி ஓர் இடத்தில் மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் காலி வீதியில் 100, 101 பஸ் குறைய முன் சனத்தை விட்டுவிடலாம். பஸ்ஸை நினைத்து மணிக்கூட்டைப் பார்க்கிறவர் சிரிக்க மாட்டார்.

எடிட்டில் ஒரே ஒரு கட்டளை: ‘டொய்ங்’ சத்தம், பதிவு செய்த சிரிப்பு, காகம் கரையும் சத்தம் ஒன்றும் வேண்டாம். பகிடிக்கு முன்னால் இருக்கும் அரைச் செக்கன் மௌனத்தை வெட்டவும் வேண்டாம். அந்த மௌனத்தில்தான் பகிடி இருக்கிறது. நம் எடிட்டர்கள் நிகழ்ச்சி வேகமாகப் போக வேண்டும் என்று முதலில் வெட்டுவது அதைத்தான். பாடுபட்டுச் சொன்னவருக்கு இது செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல.

அணித் தலைவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். விருந்தினராக ஒரு பெண்ணைக் கூட்டி வந்து நாலு ஆண்களுக்கு நடுவில் இருத்தினால் அவருக்கு வாய் திறக்க இடமே கிடைக்காது. ஆண்கள் மட்டும் இருக்கும் நகைச்சுவை வினாடி வினா இனி இல்லை என்று பிபிசி 2014இல் அறிவிக்க வேண்டி வந்தது. அரசியல்வாதிகளைக் கூப்பிடவே வேண்டாம். பொரிஸ் ஜோன்சன் 1998 முதல் ஹாவ் ஐ கொட் நியூஸில் விருந்தினராகவும் தொகுப்பாளராகவும் வந்து நல்ல பகிடிக்காரர் என்று பெயர் எடுத்தார். 2008இல் லண்டன் மேயர், 2019இல் பிரதமர். நம்மூர் ஆட்களுக்கு அந்த வசதியை நாம் செய்து கொடுக்கத் தேவையில்லை.

சட்டம் முக்கியம். 2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய மேடையில் பேசிய ஒரு துணுக்குக்காக 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் கீழ் கைதானார், ஜூலையில்தான் பிணை கிடைத்தது. 2024இலிருந்து நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஹாவ் ஐ கொட் நியூஸை லண்டனில் வியாழன் பதிவு செய்து, வழக்கறிஞர் பார்த்து, வெள்ளி ஒளிபரப்புகிறார்கள். இங்கே ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். ஒளிபரப்புப் பிரதியை மட்டுமல்ல, யூடியூப்புக்கு வெட்டும் ஒரு நிமிடத் துண்டையும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். முன்பின் இல்லாமல் வெட்டிய துண்டுதான் ஆளை மாட்டிவிடும்.

கூலியைப் பதிவு நாளுக்கு என்று பேசாதீர்கள், நிகழ்ச்சிக்கு என்று பேசுங்கள். ஒரே நாளில் இரண்டு பதிவு என்றால் இரண்டு கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. கியூஐயில் ஃப்ரை வாங்கியதில் 40 சதவீதம்தான் தனக்குக் கிடைத்தது என்று டொக்ஸ்விக் 2018இல் பகிரங்கமாகச் சொன்னார். ஒவ்வொரு யூடியூப் துண்டிலும் கலைஞரின் பெயர் தலைப்பில் வர வேண்டும், வேறு மேடையில் ஏறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கக்கூடாது. பிரித்தானியக் கலைஞர்கள் வினாடி வினாவில் எடுத்த பெயரை வைத்து ஊர் ஊராகப் போய்த் தனி நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஹட்டனிலும் மட்டக்களப்பிலும் நடக்கலாம், டொரொண்டோவிலும் நடக்கலாம்.

தொடங்க முன் ஒளிபரப்பாத இரண்டு முன்னோட்டம் எடுங்கள். ஹாவ் ஐ கொட் நியூஸின் முன்னோட்டத்தில் தொகுத்தவர் ஜோன் லொயிட், டெய்ட்டன் பிறகுதான் வந்தார். அதே லொயிட் கியூஐயைத் தொகுக்க மைக்கேல் பேலினை நினைத்திருந்து, அவர் வராததால் அணித் தலைவராக நினைத்திருந்த ஃப்ரையை நடுவில் இருத்தினார். யாரை எந்த நாற்காலியில் இருத்துவது என்பது காகிதத்தில் தெரியாது. ஆட்களை மாற்றி இருத்திப் பாருங்கள், பிறகு 26 வாரத்துக்குக் கை வைக்காதீர்கள்.