தி ஃபால் பேண்ட புதுசா கேக்க வர்றவங்க கையில அந்த 50,000 தொகுப்ப குடுக்குறத நிறுத்துங்கப்பா

போஸ்ட் பங்க் (70கள் கடைசில பங்க் ராக்குக்கு அப்புறம் வந்த இசை) கேக்குற ஆளுங்க நாலு பேர் கூடுன எடத்துல யாராவது புதுசா வந்து "தி ஃபால் எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்"னு கேட்டா போதும், எல்லார் வாயிலேர்ந்தும் ஒரே பதில்தான். ஹெக்ஸ் என்டக்ஷன் ஹவர் ஆல்பம், 1982. இல்லன்னா திஸ் நேஷன்ஸ் சேவிங் கிரேஸ், 1985. அவ்ளோ பொறுமை இல்லன்னா "50,000 ஃபால் ஃபேன்ஸ் கேன்ட் பி ராங்" தொகுப்பு, ரெண்டு சிடி, 39 பாட்டு, வேல முடிஞ்சுது. கூடவே ஒரு வால் ஒட்டிக்கிட்டு வரும் பாருங்க, "அதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் இல்ல, கடைசில பேண்ட நடத்துன அந்தாளு மைக்ல முனகுனதுதான் மிச்சம்"னு. எனக்கு எரிச்சலே இந்த வால்தான்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். 1976ல இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் பிரெஸ்ட்விச்ல ஆரம்பிச்ச பேண்ட். மார்க் இ. ஸ்மித்னு ஒரு ஆளு, துறைமுகத்துல கிளார்க் வேல பாத்துட்டு இருந்தவரு, 2018 ஜனவரில 60 வயசுல சாகுற வரைக்கும் நடத்துனாரு. நடத்துனாருன்னா நெஜமாவே நடத்துனதுதான், மத்தவங்க எல்லாம் வந்தாங்க போனாங்க, வெளிய தள்ளப்பட்டாங்க, ஓடிப்போனாங்க, 60 பேருக்கு மேல. ஸ்டூடியோ ஆல்பம் மட்டும் 30ஐத் தாண்டும். லைவ் ரெக்கார்டும் தொகுப்பும் எத்தனன்னு எண்ண உக்காந்தா அன்னிக்கு வேற வேல ஆகாது.

இப்ப அந்த 50,000 தொகுப்புக்கு வருவோம். அது மோசமான தொகுப்புன்னு நான் சொல்லவே இல்ல. எல்விஸோட ஒரு பழைய ஆல்பத்த கிண்டல் பண்ற அட்டை, அங்க அஞ்சு கோடி ரசிகர்கள், இங்க அம்பதாயிரம், தலைப்புலயே சிரிப்பு வந்துரும். காலவரிசைல போகுது, ஒரு லேபிள் (ரெக்கார்ட் கம்பெனி) சரக்க மட்டும் வெச்சு ஒப்பேத்தாம பல லேபிள்லேர்ந்து எடுத்து சேத்துருக்காங்க, இந்த பேண்டுக்கு அதெல்லாம் சாதாரண விஷயம் இல்ல. ஆனா அது வந்த வருஷம் 2004. அதுக்கப்புறம் அந்த மனுஷன் இன்னும் 13 வருஷம் ஆல்பம் போட்டாரு, ஃபால் ஹெட்ஸ் ரோல்ல ஆரம்பிச்சு நியூ ஃபேக்ட்ஸ் எமர்ஜ் வரைக்கும் எட்டு ஆல்பம். ஊர்ல பாதிப் பேருக்கு தி ஃபால்னா அந்த தொகுப்புதான், அந்த தொகுப்போட கடைசிப் பாட்டுதான் அவங்களுக்கு பேண்டோட கடைசிப் பாட்டு. "அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல"னு அவங்க கேட்டுட்டு முடிவு பண்ணல, தொகுப்பு முடிஞ்சுது, அதோட அவங்களும் முடிச்சுட்டாங்க.

இந்த பேண்டுக்கு ஏன் இவ்ளோ தொகுப்புன்னா, லேபிள் மாறிட்டே இருந்தாங்க. ஸ்டெப் ஃபார்வர்ட், ரஃப் ட்ரேட், கமேரா, மறுபடி ரஃப் ட்ரேட், பெகர்ஸ் பேங்க்வெட், ஃபொன்டானா, பெர்மனென்ட், ஆர்ட்ஃபுல், ஈகிள், டொமினோ, செரி ரெட், நடுவுல இன்னும் நாலஞ்சு. ஒவ்வொருத்தன் கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் சரக்கு மாட்டிக்கும், பேண்ட் அடுத்த எடத்துக்கு போனதும் இவன் கையில இருக்குறத வெச்சு ஒரு தொகுப்பு போடுவான். ஹிப் ப்ரீஸ்ட் அண்ட் காமெராட்ஸ் தொகுப்பு கமேரா கால சரக்கு. 1990ல வந்த 458489 ஏ சைட்ஸ் பெகர்ஸ் பேங்க்வெட் காலத்து சிங்கிள் (ஆல்பமா இல்லாம தனிப் பாட்டா விட்டது) மட்டும், 84லேர்ந்து 89 வரைக்கும். அருமையான ரெக்கார்ட், கிடாரிஸ்ட் பிரிக்ஸ் ஸ்மித் இருந்த காலம், துள்ளல் எல்லாம் சரி. ஆனா அத மட்டும் கேட்டா தி ஃபால் ஏதோ கொஞ்சம் கிறுக்குத்தனமான பாப் பேண்ட்னு தோணும். அவங்க சிங்கிள்லயே சார்ட்ல மேல போனது ரெண்டும் அடுத்தவங்க பாட்டு, தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ் 30வது எடம், கிங்க்ஸ் பேண்டோட பாட்டு விக்டோரியா 35வது எடம். தொகுப்புங்கறது கல்யாண ஆல்பம் மாதிரி, அதுல எல்லாரும் சிரிச்சுட்டுதான் இருப்பாங்க.

அப்புறம் அந்த ரிசீவர் லேபிள்காரங்க 1996ல வரிசையா இறக்குனது, சினிஸ்டர் வால்ட்ஸ், ஃபீண்ட் வித் எ வயலின், ஆஸ்வால்ட் டிஃபென்ஸ் லாயர். அட்டையப் பாத்தா புது ஆல்பம் மாதிரி இருக்கும். உள்ள பழைய பாட்டோட மாத்து மிக்ஸ், டெமோ (முன்னோட்டப் பதிவு), லைவ் எல்லாம் கலந்து கட்டி, எது எப்ப எங்க எடுத்ததுன்னு உருப்படியா ஒரு வரி கெடையாது. இத வெச்சு ரசிகர்கள் காலம் கணிச்சு சண்ட போடுறத பாக்குறது ஒரு தனி சுகம், அத ஒத்துக்குறேன். ஆனா புதுசா வர்ற ஆளு கையில இது மாட்டுச்சுன்னா அவன் திரும்பி வரவே மாட்டான்.

சரி, 2017ல செரி ரெட் சிங்கிள்ஸ் பாக்ஸ் போட்டாங்களே, 1978லேர்ந்து 2016 வரைக்கும் இருக்கே, அதுல கடைசி காலமும் வருதேன்னு கேப்பீங்க. வருது, ஆனா சிக்கலும் அங்கதான் இருக்கு. கடைசி பத்து வருஷத்து தி ஃபால் சிங்கிள் போடுற பேண்டே இல்ல. அவங்க பலமே பத்து நிமிஷம் ஒரே ரிஃப்ப (திரும்பத் திரும்ப வர்ற கிடார் துணுக்க) புடிச்சு இழுக்குறதுலதான். அத மூணு நிமிஷ சிங்கிள்ல தேடுனா என்ன கெடைக்கும்.

அந்த கடைசி காலம் எப்படி வந்துச்சுன்னு பாத்தா அதுவே ஒரு கூத்து. 2003ல கன்ட்ரி ஆன் த க்ளிக்னு ஒரு ஆல்பம் ரெடி, ரிலீசுக்கு முன்னாடியே இன்டர்நெட்ல கசிஞ்சுருச்சு. வேற யாராவதா இருந்தா பொலம்பிட்டு அப்படியே ரிலீஸ் பண்ணிருப்பாங்க. ஸ்மித் மொத்தத்தையும் நோண்டி மாத்தி, பேரையே "த ரியல் நியூ ஃபால் எல்பி"னு வெச்சு, முந்தி கன்ட்ரி ஆன் த க்ளிக்னும் கீழ போட்டு விட்டாரு. போதாததுக்கு அமெரிக்கால வந்த பதிப்பு வேற மிக்ஸ், வேற பாட்டு வரிசை. எது ஒரிஜினல்னு கேட்டா அவருக்கே கோவம் வரும். தீம் ஃப்ரம் ஸ்பார்ட்டா எஃப்சி இதுலதான் இருக்கு, பிபிசில ஃபுட்பால் ரிசல்ட் நிகழ்ச்சிக்கு அந்த பாட்ட வெச்சாங்க, 2005ல மனுஷனையே கூட்டிட்டு போய் ஸ்கோர் வாசிக்க வெச்சாங்க, அந்த வீடியோ கெடச்சா விடாதீங்க.

2006ல அமெரிக்க டூர் பாதில கிடாரிஸ்ட், பேஸ், டிரம்மர் மூணு பேரும் மூட்டையக் கட்டிட்டு கெளம்பிட்டாங்க. டூர் நிக்கல. அங்கயே இருந்த அமெரிக்க பசங்கள புடிச்சு போட்டு தொடர்ந்தாரு, அவங்கள வெச்சே 2007ல ரிஃபார்மேஷன் போஸ்ட் டிஎல்சி. எனக்கு அந்த ஆல்பம் புடிக்கல, தாஸ் போட்னு பத்து நிமிஷம் ஒரு சமாச்சாரம் இருக்கு, அத முழுசா ரெண்டாவது தடவ கேட்டவங்க இருந்தா கைய தூக்குங்க. கடைசி காலம் எல்லாமே தங்கம்னு சொல்ல வரல நான்.

ஆனா அதுக்கப்புறம் நடந்தது இருக்கே. பீட் கிரீன்வே கிடார், டேவ் ஸ்பர் பேஸ், கீரன் மெல்லிங் டிரம்ஸ். இந்த மூணு பேரும் 2008 இம்பீரியல் வாக்ஸ் சால்வென்ட்லேர்ந்து 2017 நியூ ஃபேக்ட்ஸ் எமர்ஜ் வரைக்கும் ஆறு ஆல்பம், ஒருத்தரும் மாறல. கீபோர்ட்ல எலேனா பூலூ, அவங்க மட்டும் 2016ல வெலகிட்டாங்க. மாசா மாசம் ஆள் மாத்துற ஆளுன்னு பேர் எடுத்த மனுஷன், பத்து வருஷம் அதே மூணு பேரோட வண்டி ஓட்டிருக்காரு. இந்த ஒரு விஷயத்த யாருமே பேச மாட்டேங்கறாங்க. ஸ்மித் பாட்டு நடுவுல பாதை மாறுனாலும், மேடைல அவங்க ஆம்ப்ளிஃபயர் நாப திருகி விட்டாலும், டிரெஸ்ஸிங் ரூம்ல போய் உக்காந்துக்கிட்டு அங்கேர்ந்தே பாடுனாலும் இவங்க மூணு பேரும் அசையாம நின்னு அடிச்சுட்டே இருப்பாங்க. அந்த நிதானம் இருந்ததாலதான் அந்தாளு அவ்ளோ தூரம் போக முடிஞ்சுது.

இம்பீரியல் வாக்ஸ் சால்வென்ட்ல 50 இயர் ஓல்ட் மேன் கேளுங்க. 11 நிமிஷத்துக்கு மேல, அம்பது வயச தொட்ட கையோட எழுதுனது, நடுவுல திடீர்னு எல்லாம் நின்னு ஒரு பேஞ்சோ வந்து உக்காரும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி பழைய அடி. வயசானத நெனச்சு உருகுற ராக் பாட்டு ஆயிரம் இருக்கு, வயசானதால இன்னும் கடுப்பா ஆயிட்டேன்டான்னு அம்பது வயசுல கத்துற பாட்டு எத்தன இருக்கு சொல்லுங்க.

அடுத்தது 2010, யுவர் ஃப்யூச்சர் அவர் கிளட்டர், டொமினோ லேபிள்ல வந்தது. என்னக் கேட்டா புதுசா வர்றவங்களுக்கு இதத்தான் குடுக்கணும். பரி பார்ட்ஸ் 1 ப்ளஸ் 3ன்னு ஒரு பாட்டு (ரெண்டாவது பார்ட் எங்கன்னு கேக்காதீங்க), மொதல்ல ஏதோ ஓட்ட டேப் ரெக்கார்டர்ல புடிச்ச மாதிரி கரகரன்னு தொடங்கி, போகப் போக தெளிவாகி, கடைசில முழு பேண்டும் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். ஒரே பாட்டுக்குள்ளயே டெமோவும் ஸ்டூடியோவும். ரிசீவர்காரங்க தெரியாம பண்ண குழப்பத்த இவரு தெரிஞ்சே பாட்டா ஆக்கிட்டாருன்னு எனக்கு தோணும், இது என் கற்பனையாவும் இருக்கலாம், இருந்தாலும் விட மாட்டேன்.

எர்சாட்ஸ் ஜிபி 2011, சுமார், கிரீன்வேங்கற பாட்டு மட்டும் ஹெவி மெட்டல் கணக்கா அடிக்கும், கிடாரிஸ்ட் பேரையே தலைப்பா வெச்சுட்டாரு. ரீ-மிட் 2013, சர் வில்லியம் ரே தவிர எனக்கு ஒட்டல. சப்லிங்குவல் டேப்லெட் 2015ல ஆட்டோ சிப் 2014-2016 இருக்கு, பத்து நிமிஷம், ஸ்பரும் மெல்லிங்கும் சேந்து ஓடுற ஓட்டத்த கேட்டா ஸ்மித் வாழ்நாள் பூரா கான்ங்கற ஜெர்மன் பேண்ட் மேல ஏன் பைத்தியமா இருந்தாருன்னு புரியும். நியூ ஃபேக்ட்ஸ் எமர்ஜ்ல ஃபோல் டி ரோல், அப்புறம் கபுள்ஸ் வெர்சஸ் ஜாப்லெஸ் மிட் 30ஸ், இது ரெண்டும் போதும். அது 2017 ஜூலைல வந்துச்சு, அதே வருஷம் நவம்பர்ல கிளாஸ்கோல சக்கர நாற்காலில உக்காந்தபடி கடைசி கச்சேரி.

குரல் போச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. அந்தாளுக்கு எப்ப குரல் இருந்துச்சு? 1979லயும் பாடகர் இல்ல. பேசுவாரு, கத்துவாரு, வரி முடிவுல ஒரு இழுப்பு இழுப்பாரு. கடைசி காலத்துல அது உறுமலா ஆச்சு, வார்த்த பாதி முழுங்கிடும், நமக்கு கெடைக்கறது பாதி வரிதான். 80கள்ல வரிய வெச்சு கதை கட்டுனாரு, 2010க்கு அப்புறம் குரலையே இன்னொரு கிடார் மாதிரி வெச்சு மேல கிறுக்குனாரு. இது எறக்கமா வேற பாதையான்னு சண்ட போடலாம், வாங்க போடலாம், ஆனா கேட்டுட்டு வாங்க.

தொகுப்புன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா 2005ல வந்த பீல் செஷன்ஸ் பாக்ஸ், 6 சிடி. ஜான் பீல் தன்னோட பிபிசி ரேடியோ நிகழ்ச்சிக்கு 1978லேர்ந்து 2004 வரைக்கும் இவங்கள கூப்புட்டு எடுத்த 24 செஷனும் இருக்கு. பெரும்பாலும் ஒரு செஷனுக்கு நாலு பாட்டு, ஒரே நாள்ல ஸ்டூடியோ போய் வாசிச்சு மிக்ஸும் முடிச்சுட்டு வரணும், நோண்ட நேரமே கெடையாது. அதனால அந்தந்த வருஷம் பேண்ட் எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டிருக்கு, நல்ல நாளும் மோசமான நாளும் சேத்துதான். கடைசி செஷன் 2004 ஆகஸ்ட், அதுல இருக்குற ப்ளைண்ட்னெஸ், அடுத்த வருஷம் ஃபால் ஹெட்ஸ் ரோல் ஆல்பத்துல வந்தத விட ஒரு படி மேலன்னு ரசிகர்கள் பல பேர் சொல்வாங்க, நானும் அந்த கட்சிதான்.

ஆனா பாருங்க, அதுவும் 2004லயே நின்னு போச்சு. அந்த அக்டோபர்ல பீல் பெரு நாட்டுக்கு போன எடத்துல எறந்துட்டாரு. அந்த வருஷ கடைசில அவரோட நிகழ்ச்சில வருஷத்தோட சிறந்த பாட்டுக்கு நடத்துற ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி வாக்கெடுப்புல நேயர்கள் ஸ்பார்ட்டா எஃப்சி பாட்டத்தான் மொத எடத்துல வெச்சாங்க. 26 வருஷம் இந்த பேண்டுக்கு கணக்குப்புள்ள வேல பாத்தது அந்த நிகழ்ச்சிதான், அப்பப்ப புடிச்சு உக்கார வெச்சு இப்ப என்ன பண்றீங்கன்னு பதிவு பண்ணி வெச்சது. கிரீன்வே, ஸ்பர், மெல்லிங் வர்றதுக்குள்ள அந்த ஆள் இல்ல. அவங்க மூணு பேருக்கும் ஒரு பீல் செஷன் கூட கெடையாது. ஒரு மத்தியானம் ஆட்டோ சிப்ப அந்த மாதிரி ஸ்டூடியோல அடிச்சு விட்டுருந்தா இன்னிக்கு இந்த பதிவே எழுத வேண்டியதில்ல.

அதனால நானே ஒரு பிளேலிஸ்ட் போட்டு வெச்சுருக்கேன், யாரு கேட்டாலும் அதத்தான் அனுப்புறேன். ப்ளைண்ட்னெஸ் பீல் செஷன் மொதல்ல, அங்கதான் பழைய தொகுப்புங்க விட்டுட்டு போகுது. அப்புறம் 50 இயர் ஓல்ட் மேன், பரி, வெதர் ரிப்போர்ட் 2, கிரீன்வே, சர் வில்லியம் ரே, ஆட்டோ சிப், ஃபோல் டி ரோல், கடைசில நைன் அவுட் ஆஃப் டென். ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும். ரிஃபார்மேஷன்லேர்ந்து ஒண்ணு கூட எடுக்கலன்னு ஏற்கனவே ஒரு நண்பர் இன்பாக்ஸ்ல வந்து திட்டிட்டாரு, கமெண்ட்ல வேற யாராவது திட்டுறதா இருந்தா எந்தப் பாட்ட சேக்கணும்னு பேரோட சொல்லிட்டு திட்டுங்க, தாஸ் போட் தவிர.