8 வாங்கிய பள்ளி நல்லது, 6 வாங்கியது மோசமா?

“நம்ம ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் ரேட்டிங் 8 உள்ள தொடக்கப் பள்ளிப் பக்கம் வீடு பாருங்கள், 6 உள்ள பள்ளியில் டீச்சர்கள் சரியில்லை.” அமெரிக்காவில் வீடு தேடும் பெற்றோரிடம் சுற்றும் இந்த வாட்ஸ்அப் தகவல் தவறு. (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்.)

பள்ளிகளை மதிப்பிடும் இணையதளங்கள் 10-க்கு இத்தனை என்று தரும் அந்த எண்ணில் பெரும்பங்கு மாநிலத் தேர்வு முடிவுகள்தான். கூட்டாட்சிச் சட்டம் அந்தத் தேர்வை 3 முதல் 8-ஆம் வகுப்பு வரைதான் ஆண்டுதோறும் கட்டாயமாக்குகிறது. கிண்டர்கார்டனில் சேரப்போகும் உங்கள் பிள்ளையின் டீச்சரைப் பற்றி அது என்ன சொல்லும்?

சின்ன டிஸ்ட்ரிக்ட் என்றால் கணக்கு இன்னும் ஆட்டம் காணும். 3-ஆம் வகுப்பில் 40 பேர் தேர்வு எழுதினால் ஒரு பிள்ளை 2.5 சதவீதம். நாலு பேர் அன்று சொதப்பினால் 10 சதவீதம் போச்சு. டீச்சர் அதே டீச்சர்தான்!

குடும்ப வருமானம், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டும் மதிப்பெண்ணில் தெரியும். பாடத்திட்டமும் சம்பள அட்டவணையும் பொதுவாக டிஸ்ட்ரிக்ட் முழுக்க ஒன்றே.

சரி, எதைத்தான் பார்ப்பது? அதே பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற வளர்ச்சிக் கணக்கை, அதுவும் மூன்று நான்கு வருடங்களுக்குச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், பிரின்சிபால் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள்.