அந்த ஊசிய அங்கயே போட்டு அனுப்பலாமே

போன மாசம் எங்க தெரு தம்பி ஒருத்தன் கூட பால்வினை நோய் கிளினிக்குக்கு போயிருந்தேன். ரெண்டு வாரமா யார்கிட்டயும் சொல்லாம தவிச்சிருக்கான், கடைசியில "அண்ணா, நீங்க வந்தா போறேன்"னான். வியாசர்பாடியில பஸ் ஏறும்போதே கர்ச்சீப்ப மூஞ்சில கட்டிக்கிட்டான், ஓபி சீட்டு வாங்குற வரைக்கும் அவுக்கல.

டாக்டர் நல்லாதான் பார்த்தாங்க. எச்ஐவிக்கும் சிபிலிஸுக்கும் ரத்தம் எடுத்தாங்க, மாத்திரை குடுத்தாங்க. லிவர தாக்குற வைரஸ் ஹெபடைட்டிஸ் பி, அதுக்கான தடுப்பூசி பத்தி ஒரு வார்த்தை இல்ல. நானா கேட்டதுக்கு "வேணும்னா வெளிய போட்டுக்கோங்க"ன்னுட்டாங்க.

இங்க வரவே ரெண்டு வாரம் ஆச்சு, வெளிய இன்னொருத்தர்கிட்ட போய் எதுக்கு இந்த ஊசின்னு அவன் திரும்ப சொல்லணுமா?

எங்க மாமாவுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்ததே லிவர் கேன்சர் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி கண்ணு மஞ்சளா இருக்குன்னு அத்தை தினமும் காலைல கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலக்கி குடுத்துட்டு இருந்தாங்க, அந்த டம்ளர் இன்னும் வீட்ல இருக்கு. மஞ்சக்காமாலைன்னா கெட்ட தண்ணியில வர்றதுன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம். ஹெபடைட்டிஸ் ஏ-வும் ஈ-யும் அப்படித்தான், ஆனா பி ரத்தம் வழியா, உடலுறவு வழியா, பிரசவத்துல அம்மாகிட்ட இருந்து கொழந்தைக்கு வரும், வருஷக்கணக்கா ஒண்ணும் தெரியாமலே லிவர அரிச்சிடும்.

கொழந்தைங்களுக்கு இந்த ஊசி நாடு முழுக்க வந்ததே 2011 வாக்குலதான். 24 வயசு பையனுக்கு சின்ன வயசுல போட்டிருப்பாங்கன்னு நம்ப முடியாது. 1997ல ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நம்ம ஊர்லயே தயாரிச்சதுல இருந்து வெலையும் நல்லா எறங்கிடுச்சு. அப்புறம் என்ன தடை?

மூணு டோஸ், இன்னைக்கு ஒண்ணு, 1 மாசத்துல ஒண்ணு, 6 மாசத்துல ஒண்ணு, கிளினிக்குக்கு வர்றவங்க அதுக்கெல்லாம் திரும்ப வரமாட்டாங்கன்னு சொல்றாங்க. ரிசல்ட் வாங்க எப்படியும் வரணும்ல! லேட்டா வந்தாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்க வேணாம், விட்ட எடத்துல இருந்து போட்டா போதும். ஹெபடைட்டிஸ் பி ஏற்கனவே இருக்கான்னு எச்ஐவிக்கு எடுத்த அதே ரத்தத்துலயே பார்க்கலாம், ரிசல்ட்டுக்கு காத்திருக்காம மொத ஊசிய அன்னைக்கே போடலாம். இந்தியாவுல எச்ஐவிய 1986ல மொதல்ல கண்டுபிடிச்சதே டாக்டர் சுனிதி சாலமன் டீம், இதே சென்னையில. இந்த ஊர்ல இது முடியாதா?

தம்பிக்கு எங்க ஏரியா டாக்டர்கிட்ட மொத ஊசி போட்டாச்சு. ரெண்டாவது 17ஆம் தேதி, ஓபி சீட்டு பின்னாடி எழுதி வெச்சிருக்கோம், நானும் கூட போறேன்.